டப்பா வாங்குவது கடைசி வேலை: புதுக் குடித்தனக்காரர்களுக்கு அடுப்படி, குளியலறை அலமாரி வழிகாட்டி

வேளச்சேரியில் முதல்முறை தனிக்குடித்தனம் வைத்தபோது, பாலைக் காய்ச்சிய மறுநாளே 24 பிளாஸ்டிக் டப்பாக்கள் கொண்ட செட் ஒன்றை வாங்கி வந்தேன். அடுப்படியில் கடப்பாக்கல் தட்டுகளுக்கு நடுவே 10 அங்குல இடைவெளிதான் இருந்தது. செட்டில் இருந்த பெரிய டப்பாக்களின் உயரம் 11 அங்குலம். நடுத்தர டப்பாக்களில் ஒரு கிலோ துவரம்பருப்பு முழுதாகக் கொள்ளவில்லை. மீதிப் பருப்பு ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டாகவே மாதக்கணக்கில் கிடந்து, அதிலிருந்துதான் வண்டு மற்ற சாமான்களுக்கும் பரவியது.

அதற்குப் பிறகு மூன்று வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அலமாரி வேறு மாதிரி. ஆனால் அடுக்கும் முறை ஒன்றாகவே இருந்தது: முதலில் எந்தப் பொருளை எந்தக் கை, எத்தனை தடவை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும், அடுத்து அந்த இடத்தில் சூடு, ஈரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் சாமான்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். டப்பா, கூடை, ஸ்டாண்டு எல்லாம் அதற்கப்புறம்.

கடப்பாக்கல் தட்டு உள்ள பழைய வீடோ, பிளைவுட் கதவு போட்ட புதிய ஃபிளாட்டோ, இந்தக் கட்டுரை இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு நாளைக்கு ஒரு கதவு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லாச் சாமான்களையும் ஒரே நேரத்தில் கூடத்தில் இறக்கிவிடுகிறார்கள். மதியம் ஆகும்போது பசி வந்துவிடும், குக்கர் எங்கே என்று தெரியாது. சாயங்காலம் களைத்துப்போய், இறக்கியதையெல்லாம் கிடைத்த இடத்தில் திணித்து வைப்பார்கள். இப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவு, அல்லது ஒரு தட்டு வரிசை போதும். காலைச் சமையல் முடிந்தபின் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம். நடுத்தர அடுப்படி ஒன்றுக்கு ஒரு வாரம் ஆகும். குளியலறைக்கு ஒரு காலைப்பொழுது.

தேவையானவை குறைவுதான். பழைய பருத்தித் துணி நான்கு, ஒரு வாளி, இஞ்ச் டேப், மாஸ்கிங் டேப், மார்க்கர், மூன்று அட்டைப்பெட்டிகள். முதல் பெட்டி வேறு இடத்துக்குப் போகவேண்டிய சாமானுக்கு, இரண்டாவது யாருக்காவது கொடுக்க, மூன்றாவது தூக்கிப்போட.

எந்தக் கதவில் தொடங்குவது? காலையில் எழுந்ததும் முதலில் திறக்கிற கதவில் தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அது காபி, டீ, சர்க்கரை இருக்கும் இடம். அது சரியாகிவிட்டால் மறுநாள் காலையிலேயே பலன் தெரியும், அடுத்த கதவைத் திறக்க மனசு வரும்.

காலி செய்வதும் கழிப்பதும்

அந்தக் கதவுக்குள் இருப்பதை முழுவதும் வெளியே எடுங்கள். பாதியை உள்ளே வைத்துக்கொண்டு துடைத்தால் மூலையில் இருப்பது மூலையிலேயே தங்கிவிடும். எடுத்த பொருள்களை வகைவகையாகத் தரையில் பரப்புங்கள். கடுகு மூன்று பாக்கெட், பிரித்த சோம்பு இரண்டு, யாரோ ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி என்று அப்போதுதான் கண்ணில் படும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் படிக்கும்போது ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதி வரை தரம் குறையாமல் இருக்கும் என்று பொருள். அதைத் தாண்டிய மறுநாளே அது நஞ்சாகிவிடாது, முகர்ந்து, பார்த்து முடிவு செய்யலாம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டாம். மசாலாப் பொடிகளுக்குத் தேதியைவிட மூக்கு நம்பகமானது. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வாசனை எழும்பவில்லை என்றால் அது குழம்பிலும் எழும்பாது. முழு மல்லி, மிளகு, சீரகம் ஆகியவை பொடியைவிட வெகுநாள் தாங்கும். அதனால் இனிமேல் பொடிகளைச் சிறிய அளவிலும் முழுச் சரக்கை வேண்டிய அளவுக்கும் வாங்கினால் அலமாரியில் கழிவு குறையும்.

பாத்திரத்தில் எதைக் கழிப்பது என்று பலருக்கும் மனம் வராது. என் முறை இது: டிபன் பாக்ஸ்களையும் அவற்றின் மூடிகளையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பாருங்கள். ஜோடி சேராத மூடியும் மூடியில்லாத டப்பாவும் வெளியே போகட்டும். இதிலேயே பல வீடுகளில் அரைத் தட்டு காலியாகும். பாட்டி கொடுத்த பித்தளைப் பாத்திரத்தைக் கழிக்கச் சொல்லமாட்டேன். அதற்குப் பரணில் இடம் உண்டு.

போகிக்கு முந்தைய வாரம் இதற்கு அருமையான நேரம். பழையன கழிப்பது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம்தான். பிளாஸ்டிக்கைத் தெருவில் கொளுத்தாமல் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள்.

துடைக்கும்போது பார்க்கவேண்டியவை

கடப்பாக்கல்லைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். பிளைவுட் அலமாரியிலும், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அலமாரியிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. குறிப்பாக எம்.டி.எஃப். பலகை ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், பிறகு கதவு மூடாது. சோப்புத் தண்ணீரில் முக்கி இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் ஃபேன் காற்று படட்டும். ஈரம் போகாமல் அடுக்கினால் பூஞ்சை வாசனை பருப்பு வரைக்கும் ஏறிவிடும்.

துடைக்கும்போது மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். காபித்தூள் சிந்தியது போலவோ மிளகு நுணுக்கியது போலவோ புள்ளிகள் இருந்தால் அது கரப்பான் எச்சம். கதவின் கீல் இடுக்கும், பைப் சுவருக்குள் போகும் ஓட்டையும் அவற்றின் வீடு. ஓட்டையைச் சுற்றி ஒயிட் சிமெண்டோ சிலிக்கான் பேஸ்ட்டோ வைத்து அடைப்பதுதான் மருந்து அடிப்பதைவிட நெடுநாள் உதவும். சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். அங்கே வேலையை நிறுத்திவிட்டு வீட்டு உரிமையாளருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுக்கி முடித்தபின் சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கும்.

தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. விரிக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நனைந்த தாளுக்கு அடியில்தான் பூச்சிகள் சேரும். அப்பளம், வடை போன்ற தின்பண்டங்கள் நேரடியாக அதன்மேல் படக் கூடாது. அச்சு மையில் உள்ள ரசாயனம் உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவை மடிக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது.

உயரம்: இது யாருடைய கை?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அம்மா முதல்முறை என்னோடு வந்து ஒரு மாதம் தங்கினார். மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏம்மா, இந்தச் சர்க்கரையை எதுக்கு இவ்வளவு உசரத்துல வச்சிருக்கே?" என்று கேட்டார். எனக்கு எட்டும், அவருக்கு எட்டாது. தோள்வலியோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறத் தயாராக இருந்தார். அன்றைக்கே அலமாரியை மாற்றினேன். ஒரு அடுப்படியில் யார் அதிகம் சமைக்கிறாரோ, யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர் கையை வைத்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இருவருமே சமைத்தால், குட்டையானவர் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை எளிது. அவரை அலமாரி முன்னால் நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டு, தோள் உயரத்தில் ஒரு துண்டு ஒட்டுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் வீட்டிலேயே மதிப்பு மிக்க இடம். தினமும் எடுக்கிற பொருள் மட்டுமே இங்கே. அஞ்சறைப்பெட்டி, உப்பு, எண்ணெய், காபி, சர்க்கரை, சாதம் வைக்கும் குக்கர், தாளிக்கும் கரண்டி, தினம் சாப்பிடும் தட்டு, டம்ளர்.

தோளுக்கு மேல், கை நீட்டினால் எட்டும் தூரம் வரை, வாரம் ஒருமுறை எடுக்கும் இலேசான பொருள்கள்: சேமியா, அவல், அப்பளக்கட்டு, விருந்தினர் டம்ளர். கண்ணாடிப் பொருளையும் எண்ணெய் டின்னையும் அங்கே ஏற்ற வேண்டாம். முழங்காலுக்குக் கீழே கனமான, ஆனால் அடிக்கடி வேண்டாத பொருள்கள்: பெரிய இட்லிப் பானை, 10 லிட்டர் குக்கர், அரிசி டிரம். கிரைண்டரைத் தயவுசெய்து தரையோடு வைத்துத் தூக்காதீர்கள். மேடையில் ஒரு மூலையை அதற்கே கொடுத்துவிடுவது முதுகுக்கு நல்லது.

பரண் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை எடுக்கும் பொருளுக்கு மட்டும். பொங்கல் பானை, கொலுப் பெட்டி, முறுக்கு அச்சு. அதிலும் வெண்கல உருளி போன்ற கனத்தைப் பரணில் வைத்தால் இறக்குகிறவருக்கு ஆபத்து. அது கீழ்த்தட்டின் பின்பக்கத்துக்குப் போகட்டும். பரணில் இருக்கும் பெட்டி ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கீழிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சூடும் ஈரமும்

உயரம் முடிவானதும் இடவலம் பார்க்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில்தான் பெரும்பாலோர் மசாலா வைக்கிறார்கள், கைக்கு எட்டுகிறது என்று. ஆனால் அங்கே தினமும் ஆவியும் சூடும் ஏறுகின்றன. பொடி கட்டியாகும், வாசனை போகும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மசாலாவையும் எண்ணெயையும் அடுப்புக்குப் பக்கவாட்டில், ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். அடுப்புக்கு மேலே எவர்சில்வர் பாத்திரம், தாம்பாளம் போன்றவை இருக்கலாம். சூடு அவற்றை ஒன்றும் செய்யாது.

கேஸ் சிலிண்டர் மேடைக்கு அடியில் இருக்கும் வீடுகளில் அந்தக் கூண்டைச் சாமான் வைக்கும் இடமாக நினைக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அதனால் கதவின் அடிப்பக்கம் காற்றோட்டத் துளை இருக்க வேண்டும், அதைப் பையோ கூடையோ மறைக்கக் கூடாது. பழைய காகிதம், பிளாஸ்டிக் கவர், கரித்துணி எதையும் அங்கே சேர்க்காதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், ரெகுலேட்டர் திருகைக் குனிந்ததும் எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். ரப்பர் குழாயை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாயிலேயே வருஷம் அச்சிட்டிருக்கும், இப்போதே குனிந்து பார்த்துவிடுங்கள். எரிவாயுக் கசிவு உதவி எண் 1906. அதை மாஸ்கிங் டேப்பில் எழுதி, கூண்டுக்குள் ஒட்டாமல் அடுப்படிக் கதவின் வெளிப்புறம் ஒட்டுங்கள்.

சிங்குக்கு அடியில் எந்த உணவுப் பொருளும் வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம்கூட வேண்டாம். பைப் கசிகிறதா என்று தெரியாவிட்டால் இரவு படுக்கும்முன் ஒரு காய்ந்த செய்தித்தாளை அடியில் விரித்துவிட்டு, காலையில் ஈரப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கசிவைச் சரிசெய்தபின் பாத்திரம் துலக்கும் சோப்பு, ஸ்க்ரப்பர், குப்பைப் பை ஆகியவற்றை விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வைத்து அப்படியே உள்ளே தள்ளலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தக் கதவுக்குத்தான் முதல் பூட்டு.

மளிகைச் சாமான்

அரிசியில் தொடங்குவோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை எடையுள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு ஜிஎஸ்டி வந்ததும், கடைகளில் 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது. பழைய 25 கிலோ டிரம்மில் அது கொள்ளாமல் ஒரு கிலோ வெளியே நிற்கிறது. 26 கிலோ அரிசிக்கு 33 லிட்டர் அளவு இடம் தேவை. மூடி சரியாக மூட 35 லிட்டர் டிரம் வாங்குங்கள். மற்றவற்றுக்கு என் கணக்கு: ஒரு கிலோ பருப்புக்கு ஒன்றரை லிட்டர், ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒன்றரை லிட்டர், ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 2 லிட்டர். அவலும் பொரியும் எடைக்குச் சம்பந்தமில்லாமல் இடம் கேட்கும். அவற்றைப் பாக்கெட்டோடு கிளிப் போட்டு, பெரிய டப்பா ஒன்றில் நிறுத்திவைப்பதே மேல்.

புதுச் சாமானைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். பழையதை ஒரு கிண்ணத்தில் மாற்றி, டப்பாவைத் துடைத்து, காயவைத்து, புதியதைக் கொட்டி, அதன்மேல் பழையது. அடியில் தங்கிய பழைய மாவும் பருப்புத் தூளும்தான் வண்டு வளரும் இடம்.

அரிசி வண்டு தன் முட்டையை அரிசிமணிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. அதனால் கடையிலிருந்து வரும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து வண்டு வெளிவரும். காய்ந்த மிளகாய், வசம்பு, வேப்பிலை போட்டு வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வரவிடாமல் தள்ளிப்போடும்; வந்துவிட்டதை ஒழிக்காது. ரவை, கொண்டைக்கடலை போன்ற சிறிய அளவுச் சாமானை வாங்கியதும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் சேர்ந்து செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் திறக்காமல், பாக்கெட் அறையின் சூட்டுக்கு வந்து மேலே வேர்த்த ஈரம் காய்ந்தபின் டப்பாவில் போடுங்கள். ஏற்கெனவே வண்டு விழுந்த அரிசியை நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் பரப்பினால் வண்டுகள் நிழலைத் தேடி நகரும். பிறகு புடைத்து எடுக்கலாம்.

உப்பையும் புளியையும் எவர்சில்வரில் வைக்க வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து எஃகைக்கூட அரித்துப் புள்ளி விழவைக்கும். புளியின் புளிப்பும் உலோகத்துக்கு ஆகாது. பீங்கான் ஜாடி, கண்ணாடி, இல்லாவிட்டால் நல்ல தரமான பிளாஸ்டிக். மாசி, பங்குனியில் வருஷத்துப் புளி வாங்கும் வீடாக இருந்தால், கொட்டை எடுத்துக் கல்லுப்பு தூவி அடைத்த ஜாடி கீழ்த்தட்டின் பின்வரிசையில் இருக்கட்டும். வாரத்துக்கு வேண்டியது மட்டும் சின்ன டப்பாவில் மேலே.

பெருங்காயம் தனி டப்பா, இறுக்கமான மூடி. காபித்தூளுக்குப் பக்கத்தில் அது கூடாது. காபி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும், அவற்றைக் கண்ணாடிப் பாட்டிலில் ஜன்னலோரம் வரிசையாக வைப்பது பார்க்க அழகு, சமையலுக்கு நஷ்டம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். மார்கழிக் காலையில் குறுகிய வாய்ப் பாட்டிலிலிருந்து அதை எடுப்பது பாடு. அகல வாய் ஜாடியில் இருந்தால் ஸ்பூன் போதும்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள்; ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும், முளையும் சீக்கிரம் விடும். இரண்டுக்கும் காற்று வேண்டும். உருளைக்கிழங்குக்கு இருட்டும் வேண்டும், வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, உடம்புக்கு ஆகாத சோலனின் சேரும்.

பெயர் எழுதி ஒட்டும்போது, டிராயரில் இருக்கும் டப்பாவுக்கு மூடிமேல், தட்டில் இருப்பதற்கு முன்பக்கம். வீட்டில் உதவிக்கு வரும் அக்காவுக்குப் படிக்க வரும் மொழியில் எழுதுங்கள். வாங்கிய தேதியைச் சின்னதாக டப்பாவின் அடியில் ஒட்டிவிட்டால், எது பழையது என்ற கேள்வியே எழாது.

பாத்திரங்கள்

ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதை அடுக்குங்கள், ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதை எடுக்க மேலே உள்ள மூன்றையும் இறக்க வேண்டிவரும். மூடிகளைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்திவையுங்கள். குக்கரின் காஸ்கெட்டும் வெயிட்டும் குக்கருக்குள்ளேயே இருக்கட்டும். மிக்ஸி ஜாரும் அதன் மூடியும் சேர்ந்தே. தோசைக்கல்லை அடுக்கின் அடியில் போட்டால் எடுப்பதும் சிரமம், நான்ஸ்டிக் என்றால் கீறலும் விழும். செங்குத்தாகச் சாய்த்துவைக்க ஒரு கம்பித் தடுப்பு போதும். இரும்புக்கல்லை எண்ணெய் தடவிக் காகிதம் சுற்றி வையுங்கள்.

இரண்டு அலமாரி சேரும் மூலை எப்போதும் தொல்லை. கை நுழையாத அந்த ஆழத்தில் வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கும் பொருளை வைத்து, வாய்ப்பக்கத்தில் அடிக்கடி வேண்டியதை வையுங்கள். சுழலும் தட்டு ஒன்று போட முடிந்தால் நல்லது.

குளியலறை

குளியலறை அலமாரியில் முதலில் செய்யவேண்டியது, மருந்துகளை வெளியே எடுப்பது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் மாத்திரை வைப்பது பல வீடுகளில் இருக்கிறது. கீசரில் குளித்தபின் அந்த அறையில் எழும் ஆவியும் சூடும் மாத்திரையைத் தேதிக்கு முன்பே கெடுக்கும். அட்டையைப் படித்துப் பாருங்கள், 25 டிகிரிக்கோ 30 டிகிரிக்கோ கீழே, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்றுதான் போட்டிருக்கும். படுக்கையறை அலமாரியில், குழந்தைக்கு எட்டாத தட்டில், மூடியுள்ள ஒரு பெட்டி போதும்.

அடுத்து சுத்தம் செய்யும் சாமான். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். கழிப்பறைக்கு ஊற்றும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அதோடு கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆசிட் வகையும் பிளீச் வகையும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. ஆசிட் வகை குளியலறையின் கீழ்த்தட்டில் தனி டப்பில், பிளீச் வகை வீட்டுக்கு வெளியே பால்கனி மூலையில் உலர்வாக. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருக்கும் இரும்பையும் துருப்பிடிக்கவைக்கும் என்பது இன்னொரு காரணம். எந்தத் திரவத்தையும், முக்கியமாக ஃபினைலையும் ஆசிட்டையும், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். தெருவில் சில்லறையாக வாங்கினால் உடனே தனி நிறக் கேனுக்கு மாற்றி, பெயர் எழுதி ஒட்டுங்கள். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

மீதி எளிது. அலமாரியில், வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கூடை: பிரஷ் வெளியே ஸ்டாண்டில், கூடையில் சீப்பு, ரேசர், கிரீம். ரேசர் நனைந்தபடி மூடிய பெட்டிக்குள் போனால் துரு உறுதி. சீயக்காய், கடலைமாவு, நலங்குமாவு போன்ற பொடிகளை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சின்ன டப்பாவில் அங்கே வையுங்கள், மீதி வெளியே உலர்ந்த இடத்தில். சோப்பு, ஷாம்பு இருப்பும் அப்படித்தான். நாப்கின் பாக்கெட்டையும் படுக்கையறையில் வைத்து, நாலைந்து மட்டும் மூடிய டப்பாவில் குளியலறையில் இருக்கட்டும். துண்டு, உடை எதையும் அந்த அலமாரிக்குள் சேமிக்க வேண்டாம். கீசர் பிளக் பக்கத்தில் எந்தக் கொக்கியும் மாட்டாதீர்கள்.

வாடகை வீட்டில் டைல்ஸைத் துளைக்கும்முன் உரிமையாளரைக் கேளுங்கள். ஒட்டும் கொக்கி போடுவதென்றால், முதலில் சோப்புப் பிசுக்கையும் போர்த் தண்ணீரின் உப்புக்கறையையும் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கப் பாரம் ஏற்றாமல் விடுங்கள். பிறகு அது கழன்று விழாது. குளித்து முடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரம் ஓடட்டும், அலமாரிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து

அடுக்கி முடித்ததும் இரண்டு வாரம் எதையும் வாங்காமல் அப்படியே புழங்குங்கள். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப மேடையிலேயே தங்கிவிடுகிறதோ அதற்குக் கொடுத்த இடம் தவறு. அதை எங்கே விட்டுவிடுகிறீர்களோ அதற்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் டிகாக்ஷன் ஃபில்டர் நான்கு இடம் மாறி, கடைசியில் சிங்குக்கு வலப்பக்கம் நின்றது. அதற்கப்புறம் யாரும் அதைத் தேடவில்லை.

இப்போது இஞ்ச் டேப்பை எடுங்கள். தட்டின் உட்புற நீளம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து, உயரத்தில் இரண்டு அங்குலம் கைநுழையக் கழியுங்கள். கதவு உள்ள அலமாரியில் கீல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் கழியுங்கள். டிராயரிலும் குறுகிய தட்டிலும் சதுர டப்பாதான் லாபம். அதே அகலமுள்ள வட்ட டப்பா வைத்தால் நூற்றுக்கு 21 பங்கு இடம் மூலைகளில் வீணாகிறது. பருப்பு, மாவுக்கு எவர்சில்வர் சம்படம் தலைமுறைக்கும் வரும். என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுப்போம் என்கிற வீட்டுக்குக் கண்ணாடி. ஒரே நேரத்தில் செட்டாக வாங்காமல், அளவு எழுதிய சீட்டோடு கடைக்குப் போய், ஒரு தட்டுக்கு மட்டும் முதலில் வாங்கி வைத்துப் பாருங்கள்.

மாதச் சாமான் வாங்கப் போகும் முந்தைய நாள் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தபடியே பட்டியல் எழுதுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஒருமுறை எல்லாத் தட்டுகளின் பின்சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் அந்தச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி டப்பாக்களை நகர்த்திவிட்டு, வெயில் அடிக்கும் முதல் நாளில் கதவுகளைத் திறந்துபோடுங்கள்.